ஏச்சும் ஈமானும்: முதல் நூற்றாண்டின் சில பக்கங்கள்

கூஃபா நகரில் அபூ வாயில் ஷகீக் பின் ஸலமா (ரஹ்) என்ற அறிஞர் இருந்தார். நபி (ஸல்) அவர்களின் காலத்தை அடைந்தும் அவர்களை நேரில் காணும் பேறு கிட்டாதவர். அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் பாடம் கேட்டவர். அவரிடம் ஸுபைத் என்ற மாணவர் ஒருமுறை முர்ஜிஆக்களைப் பற்றி வினவினார். உள்ளத்தில் ஈமான் இருந்துவிட்டால் போதும், தீய செயல்களால் அதற்கு எந்தக் குறைவும் நேராது என்று சொல்லிவந்த கூட்டத்தாரே முர்ஜிஆக்கள். அபூ வாயில் நீண்ட வாதம் எதையும் தொடுக்கவில்லை. இப்னு மஸ்ஊத் (ரலி) தமக்கு அறிவித்த ஒரு நபிமொழியை மட்டும் எடுத்துச் சொன்னார். ஒரு முஸ்லிமை ஏசுவது மார்க்க வரம்பை மீறிய பாவம் என்றும், அவரோடு போரிடுவது இறைமறுப்பின் செயல் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அந்த அறிவிப்பு அமைந்திருக்கிறது. இமாம் புகாரீ (ரஹ்) இதைத் தமது நூலின் ஈமான் பகுதியில் பதிவு செய்திருக்கிறார்.

நாவு பற்றிய ஒரு நபிமொழி ஒழுக்கப் பகுதியோடு நின்றுவிடாமல் ஈமான் பகுதியிலும் இடம்பெறக் காரணம் இருக்கிறது. கெட்ட வார்த்தை பேசுபவனிடம் ஈமான் இருக்க முடியுமா என்ற கேள்வி முஸ்லிம் சமுதாயத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்றாகும். பெரும்பாவம் செய்தவன் இஸ்லாத்தை விட்டே வெளியேறிவிட்டான் என்று ஹவாரிஜ்கள் கூறினர். பாவம் ஈமானைத் தீண்டுவதே இல்லை என்று முர்ஜிஆக்கள் கூறினர். இவ்விரு கூட்டங்களும் ஏட்டில் மட்டுமே இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். “ஐந்து வேளையும் தொழுகிறான், வாயைத் திறந்தால் சாக்கடை, இவனெல்லாம் என்ன முஸ்லிம்?” என்று திண்ணையில் ஒருவர் கேட்கிறார். “வாய்தான் அப்படி, மனசு தங்கம்” என்று அவன் வீட்டார் மறுமொழி சொல்கிறார்கள். முன்னவர் பேசுவது ஹவாரிஜ்களின் பாடம். பின்னவர்கள் பேசுவது முர்ஜிஆக்களின் பாடம். இருவருக்கும் தாம் யாருடைய மாணவர்கள் என்பது தெரியாது.

ஹிஜ்ரி முதல் நூற்றாண்டு மக்கள் இந்தக் கேள்வியை எப்படி வாழ்ந்து காட்டினார்கள் என்பதைச் சில நிகழ்ச்சிகளின் வழியே பார்ப்போம். அவர்கள் எல்லாரும் நாவு தவறாதவர்களாக இருந்தார்கள் என்று நம் பயான்களில் சொல்லப்படுவதுண்டு. அப்படிச் சொல்வது அவர்களைப் புகழ்வதாகத் தோன்றினாலும், அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியதை மறைத்துவிடுகிறது.

இஸ்லாத்திற்கு முந்தைய அரபகத்தில் ஏசுவது ஒரு கலையாகவே வளர்ந்திருந்தது. ‘ஹிஜாஉ’ எனப்படும் வசைக்கவிதைக்கு அங்கே வாளுக்கு நிகரான மதிப்பு இருந்தது. எழுத்து அரிதாகவும் நினைவாற்றல் மிகுதியாகவும் இருந்த சமூகத்தில், ஒரு கோத்திரத்தைப் பற்றிய இழிசொல் கவிதையாகிவிட்டால் அது சந்தைதோறும் பயணம் செய்யும். பாடியவன் இறந்த பின்னும் பாட்டு இறக்காது. அந்த வசைகள் பெரும்பாலும் எதிராளியின் செயலைத் தொடுவதில்லை. அவனுடைய தாய், தந்தை, வம்சம், நிறம் ஆகியவற்றையே குறிவைத்தன. இதன் சாயல் மதீனாவிலும் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அங்கு வந்தபோது ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. நபியவர்கள் அவற்றுள் ஒன்றால் ஒருவரை அழைக்க, “அந்தப் பெயரைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்” என்று பிறர் தெரிவிப்பார்கள். பட்டப்பெயர்களால் ஒருவரையொருவர் அழைப்பதைத் தடுக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் இந்தச் சூழலில் அருளப்பட்டதாக அறிவிப்பு உண்டு. ஈமான் கொண்ட பின் இழிபெயர் சூட்டுவது எவ்வளவு கெட்டது என்று அவ்வசனமே ஈமானையும் இழிசொல்லையும் ஒரே இடத்தில் எதிரெதிராக நிறுத்துகிறது.

இந்த வசனத்தை ஓதிய தலைமுறையிலும் பழைய பழக்கம் ஒரே நாளில் உதிர்ந்துவிடவில்லை. அதற்குச் சான்று அபூதர் அல்-ஃகிஃபாரீ (ரலி) அவர்களின் நிகழ்ச்சியாகும்.

மஃரூர் பின் ஸுவைத் (ரஹ்) என்பவர் ரபதா என்ற ஊரில் அபூதர் (ரலி) அவர்களைச் சந்தித்தார். அவர்களும் அவர்களுடைய பணியாளரும் ஒரே வகையான ஆடை அணிந்திருந்தனர். எசமானர் உயர்ந்த துணியும் அடிமை முரட்டுத் துணியும் அணியும் காலம் அது. காரணம் கேட்ட மஃரூரிடம் அபூதர் (ரலி) தம் கடந்தகாலத்தைச் சொன்னார்கள். ஒரு மனிதரோடு ஏச்சுப்பேச்சு ஏற்பட்டபோது அவருடைய தாயைக் குறிப்பிட்டு அவர்கள் இழிவாகப் பேசிவிட்டார்கள். அந்தத் தாய் அரபியல்லாதவர். செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியது. தாயைச் சொல்லியா இழிவுபடுத்தினீர் என்று கேட்ட நபியவர்கள், உம்மிடம் அறியாமைக் காலத்தின் தன்மை இன்னும் இருக்கிறது என்று கூறினார்கள். இத்தனை வயதான பின்னுமா என்று அபூதர் (ரலி) கேட்க, ஆம் என்றே பதில் வந்தது. பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையே அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், உடுப்பதையே உடுத்தக் கொடுங்கள் என்ற கட்டளையும் அதே அமர்வில் பிறந்தது.

இங்கே ஒரு குறிப்புச் சொல்ல வேண்டும். இழிவுபடுத்தப்பட்டவர் பிலால் (ரலி) என்றும், அபூதர் (ரலி) தம் கன்னத்தைத் தரையில் வைத்து அதன்மேல் காலை வைக்குமாறு வேண்டினார்கள் என்றும் நம் மேடைகளில் உருக்கமாகச் சொல்லப்படுகிறது. ஸஹீஹுல் புகாரீயின் அறிவிப்பில் அந்தப் பெயரும் இல்லை, அந்தக் காட்சியும் இல்லை. ஆனால் உறுதியான அறிவிப்பில் இருப்பது அதைவிட ஆழமானது என்பது என் கருத்து. கன்னத்தைத் தரையில் வைப்பது ஒரு நிமிடத்தின் செயல். அபூதர் (ரலி) ஒரு வார்த்தைக்கான பரிகாரத்தைப் பல்லாண்டுகளுக்குப் பிறகும், பாலைவனச் சிற்றூரில், யாரும் கேட்காத நிலையிலும் தம் உடம்பிலும் தம் பணியாளர் உடம்பிலும் அணிந்திருந்தார்கள்.

இந்த நிகழ்ச்சிக்கு இமாம் புகாரீ (ரஹ்) சூட்டிய தலைப்பு கவனிக்கத்தக்கது. பாவங்கள் அறியாமைக் காலத்தைச் சேர்ந்தவை, எனினும் இணைவைத்தலைத் தவிர வேறு பாவத்தைச் செய்வதால் ஒருவர் இறைமறுப்பாளர் ஆகிவிடமாட்டார் என்பது அந்தத் தலைப்பின் கருத்து. திண்ணையில் இருப்பவருக்கும் வீட்டாருக்கும் ஒரே வரியில் அளிக்கப்பட்ட பதில் இது. நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களிடம் உமக்கு ஈமான் இல்லை என்று சொல்லவில்லை. உம்முடைய ஈமானுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்றும் சொல்லவில்லை. உமக்குள் இஸ்லாம் இன்னும் நுழையாத ஓர் அறை இருக்கிறது என்று சுட்டிக்காட்டினார்கள். வெகு முன்னரே இஸ்லாத்தை ஏற்ற தோழர் ஒருவரிடத்தில் அப்படி ஓர் அறை இருந்ததென்றால், நம் வீட்டுக் கதவுகளைப் பற்றி என்ன சொல்வது!

திவாலானவன் பற்றிய புகழ்பெற்ற நபிமொழியும் இதையே வேறு வழியில் விளக்குகிறது. மறுமையில் தொழுகை, நோன்பு, ஸகாத் அனைத்தோடும் ஒருவன் வருகிறான். ஆனால் அவன் ஒருவரை ஏசியிருக்கிறான், ஒருவர் மீது பழி சுமத்தியிருக்கிறான், ஒருவரின் பொருளை உண்டிருக்கிறான், ஒருவரின் இரத்தத்தைச் சிந்தியிருக்கிறான், ஒருவரை அடித்திருக்கிறான். அவனுடைய நன்மைகள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கிடப்பட்டுத் தீர்ந்துபோகின்றன. அதன்பின் அவர்களின் பாவங்கள் அவன்மேல் சுமத்தப்படுகின்றன. முஸ்லிம் நூலில் இடம்பெறும் இந்த அறிவிப்பில் ஏச்சு, இரத்தத்திற்கும் முன்னால், பட்டியலின் தொடக்கத்திலேயே நிற்கிறது. அவன் தொழுத தொழுகை பொய்யென்று இங்கே சொல்லப்படவில்லை. அது உண்மையான தொழுகை. உண்மையான நாணயம் என்பதால்தான் அதைக் கொண்டு கடன் தீர்க்க முடிகிறது. தொழுகையாளியின் வாயைப் பற்றிய வழக்கில் இதைவிடக் கறாரான கணக்கை நான் படித்ததில்லை.

ஏச்சு என்பது பேசுபவனின் நாவை அசுத்தப்படுத்துவதோடு நிற்பதில்லை. பெரும்பாலும் அது அந்த இடத்தில் இல்லாத ஒருவரைத் தாக்குகிறது. ஒருவன் தன் பெற்றோரைத் தானே ஏசுவது பெரும்பாவங்களுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது தோழர்கள் வியந்தார்கள். பெற்றோரை ஒருவன் எப்படி ஏசுவான் என்று கேட்டார்கள். இவன் மற்றவனின் தந்தையை ஏச, அவன் திருப்பி இவனுடைய தந்தையையும் தாயையும் ஏசுகிறான் என்று நபியவர்கள் விளக்கினார்கள். பெற்றோரை ஏசுவது நினைத்துப் பார்க்கவே முடியாததாக அந்தத் தோழர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நம் தெருக்களில் நடக்கும் சண்டையைக் கேட்டிருந்தால் அவர்களுக்கு இந்த விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

அந்நூர் அத்தியாயத்தின் 4-ஆம் வசனம் கற்புள்ள பெண்கள் மீது பழி சுமத்தி, நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்களுக்கு 80 கசையடிகளைத் தண்டனையாக விதித்ததோடு, அவர்களின் சாட்சியத்தை ஏற்கக்கூடாது என்றும் கூறுகிறது. விபசாரியின் மகனே என்று ஒருவனைக் கூவி அழைப்பது வெறும் ஏச்சு அல்ல, அவனுடைய தாயின் மீதான குற்றச்சாட்டு என்று ஃபிக்ஹு அறிஞர்கள் விளக்கினர். அங்கே பாதிக்கப்பட்டவர் எதிரில் நிற்கும் மகன் அல்லர், வீட்டில் இருக்கும் தாய். நம் தமிழ் முஸ்லிம் வீடுகளில் ‘ஹராமி’ என்ற சொல் எவ்வளவு எளிதாகப் புழங்குகிறது! குறும்பு செய்யும் பிள்ளையைத் தந்தையே அப்படி அழைக்கிறார். பாட்டியும் சிரித்துக்கொண்டே அழைக்கிறார். வேண்டுமென்றே பழி சுமத்தும் எண்ணம் அவர்களுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் சொல்லுக்கு அதன் பொருள் தெரியும். அரபுச் சொல் என்பதால் அது சற்றே மார்க்கம் கலந்த ஏச்சு என்று கருதுவோரும் உள்ளனர். மத்ரஸாவில் அந்தச் சொல்லின் பொருளை விளக்கிய நாளில் பிள்ளைகள் அமைதியாகிவிடுகிறார்கள். வீட்டில் அதை விளக்குவோர் இல்லை.

சாபம் என்பது ஏச்சின் இன்னொரு கிளை. ஒரு பயணத்தில் அன்சாரிப் பெண்மணி ஒருவர் தம் ஒட்டகத்தின் மீது சலிப்படைந்து அதைச் சபித்துவிட்டார். அதன்மேல் உள்ள சுமையை இறக்கிவிட்டு அதை விட்டுவிடுங்கள், அது சபிக்கப்பட்டுவிட்டது என்று நபி (ஸல்) அவர்கள் உத்தரவிட்டார்கள். இதை அறிவிக்கும் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி), அந்த ஒட்டகம் மக்களிடையே நடந்து செல்வதும் அதை யாரும் சீண்டாததும் இப்போதும் தம் கண்முன் நிற்பதாகக் கூறுகிறார்கள். பாலைவனப் பயணத்தில் ஓர் ஒட்டகத்தை இழப்பது சிறிய இழப்பன்று. வார்த்தைக்கு விலை உண்டு என்பதை அந்தக் கூட்டம் முழுவதும் நடந்துகொண்டே பார்த்தது.

உம்முஸ் ஸாயிப் (ரலி) காய்ச்சலில் நடுங்கியபடி அந்தக் காய்ச்சலை நொந்துகொண்டபோது, காய்ச்சலை ஏசாதீர், கொல்லனின் துருத்தி இரும்பின் கசடை நீக்குவதுபோல் அது பாவங்களை நீக்குகிறது என்று நபியவர்கள் தடுத்தார்கள். தொழுகைக்கு எழுப்பும் சேவலை ஏசுவதற்கும் தடை வந்தது. காய்ச்சலையே ஏசக்கூடாது என்று கற்ற சமுதாயத்தில் பெற்ற பிள்ளையைப் பார்த்து “கொள்ளையிலே போவான்” என்று சொல்லும் தாய்மார்கள் எப்படித் தோன்றினார்கள் என்று நான் வியப்பதுண்டு. முற்காலத்தில் ஊர்களை வாரிச் சென்ற கொள்ளை நோயின் பெயரால் இடும் சாபம் அது. உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உங்கள் செல்வங்களுக்கும் எதிராகப் பிரார்த்திக்காதீர்கள், அது அல்லாஹ் வேண்டுதலை ஏற்கும் நேரமாக அமைந்துவிடக்கூடும் என்ற நபிமொழியும் முஸ்லிம் நூலில் இருக்கிறது. வாயில் வந்ததைச் சொன்னேன், மனதில் அப்படி இல்லை என்போர், ஏற்கப்படும் நேரம் எது என்று அறிந்தவர்களா?

மார்க்கத்தின் பெயரால் ஏசலாம் என்று ஒரு வாதம் உண்டு. அதையும் அந்த நூற்றாண்டிலேயே வைத்துப் பார்க்கலாம். அப்துல்லாஹ் என்ற தோழர் ஒருவர் நபி (ஸல்) அவர்களைச் சிரிக்கவைக்கும் இயல்புடையவர். மது அருந்தும் பழக்கத்திலிருந்து அவரால் மீள முடியவில்லை. பலமுறை தண்டனைக்காகக் கொண்டுவரப்பட்டார். ஒருமுறை கூட்டத்தில் இருந்தவர் ஒருவர் வெறுத்துப்போய், எத்தனை முறைதான் இவனைக் கொண்டுவருவது என்று கூறி அவரைச் சபித்தார். அவரைச் சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்றே நான் அறிந்திருக்கிறேன் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்டனை நிறைவேற்றப்பட்டது, அதில் தளர்வு இல்லை. சாபம் மட்டும் தடுக்கப்பட்டது. பாவத்தை வெறுத்துப் பேசியவர் கண்டிக்கப்பட்டார், பாவம் செய்தவரின் ஈமானுக்குச் சான்று வழங்கப்பட்டது.

யூதர்கள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து ஸலாம் கூறுவதுபோல் நாவைப் புரட்டி, உங்கள்மீது மரணம் உண்டாகட்டும் என்று பொருள்படக் கூறியபோது, அதைப் புரிந்துகொண்ட ஆயிஷா (ரலி) அவர்கள் மரணமும் சாபமும் உங்கள்மீதே என்று வெகுண்டார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. இருந்தும் நபியவர்கள் மென்மையைக் கைக்கொள்ளச் சொன்னார்கள். உங்கள்மீதும் என்று தாம் சொன்ன ஒற்றைச் சொல்லே போதுமானது என்றார்கள். பிறர் வணங்குபவற்றை ஏசக்கூடாது, அவர்கள் அறியாமையால் வரம்பு மீறி அல்லாஹ்வை ஏசிவிடுவார்கள் என்று அன்ஆம் அத்தியாயத்தின் 108-ஆம் வசனம் எச்சரிக்கிறது. பெற்றோர் பற்றிய நபிமொழியில் உள்ள அதே தர்க்கம்தான் இங்கும் இருக்கிறது. நீ எறிவது திரும்பி வந்து விழும் இடம் எது என்று பார்த்துவிட்டு எறி.

இந்த இடத்தில் விவரம் அறிந்த வாசகர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் குறைஷியரின் தூதராக வந்த உர்வா பின் மஸ்ஊத், உம்மைச் சுற்றியுள்ள இந்தக் கலப்புக் கூட்டம் உம்மை விட்டுவிட்டு ஓடிவிடும் என்று நபி (ஸல்) அவர்களிடம் கூறியபோது, அபூபக்ர் (ரலி) அவர்கள் லாத் சிலையைக் குறிப்பிட்டு மிகக் கடுமையான ஒரு சொல்லைச் சொன்னார்களே? ஆம், சொன்னார்கள். அது புகாரீயிலேயே இருக்கிறது. மொழிபெயர்ப்புகளில் அந்த இடம் மென்மையாக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இப்னு ஹஜர் (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள், அத்தகைய கண்டிப்புக்கு இலக்காகும் விதத்தில் பேசியவரைத் தடுக்க இதுபோன்ற சொல்லைப் பயன்படுத்த இடமுண்டு என்று இதிலிருந்து விளக்கினர். மறைக்க இதில் ஒன்றுமில்லை. போர் மூளுமா சமாதானம் விளையுமா என்று தெரியாத நாளில், முகத்துக்கு நேரே விசுவாசத்தைப் பழித்த எதிரித் தூதருக்குச் சொன்ன ஒற்றை வாக்கியம் அது. தாம் பட்ட பழைய நன்றிக்கடன் இல்லாதிருந்தால் பதில் கூறியிருப்பேன் என்று உர்வா அடங்கிப்போனார். பின்னாளில் அவரே இஸ்லாத்தை ஏற்று, தாயிஃபில் தம் மக்களை அழைக்கச் சென்று கொல்லப்பட்டார்.

இந்த ஒரு வாக்கியத்தைச் சான்றாகக் காட்டித் தம் அன்றாட நாவுக்கு அனுமதி தேடுவோர், அதே அபூபக்ர் (ரலி) அவர்களின் வாழ்வில் உள்ள வேறு இரு நிகழ்ச்சிகளையும் எடுத்துக்கொள்ளட்டும். ஒருநாள் அவர்கள் தம் அடிமைகள் சிலரைச் சபித்ததை நபி (ஸல்) அவர்கள் கேட்டுவிட்டு, சபிப்பவர்களாகவும் ஸித்தீக்குகளாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியுமா, கஅபாவின் இறைவன்மீது ஆணையாக இயலாது என்று கூறினார்கள். அன்றே அபூபக்ர் (ரலி) தம் அடிமைகள் சிலரை விடுதலை செய்துவிட்டு வந்து, இனி இப்படிச் செய்யமாட்டேன் என்றார்கள்.

மற்றொரு முறை ரபீஆ அல்-அஸ்லமீ (ரலி) என்ற இளம் தோழரோடு ஒரு பேரீச்ச மரம் தொடர்பாக எல்லைத் தகராறு. அபூபக்ர் (ரலி) ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள். என்ன வார்த்தை என்பதை ரபீஆ (ரலி) கடைசிவரை வெளியிடவில்லை. அந்த மௌனமும் ஒரு பாடம். உடனே வருந்திய அபூபக்ர் (ரலி), அதே வார்த்தையை எனக்குத் திருப்பிச் சொல், கணக்குத் தீரட்டும் என்று வற்புறுத்தினார்கள். ரபீஆ மறுத்தார். உன்னைப் பற்றி நபியவர்களிடம் முறையிடுவேன் என்று சொல்லிவிட்டு அபூபக்ர் (ரலி) நடந்தார்கள். ஏசியவர் தாமே, முறையிடச் செல்பவரும் தாமே என்று ரபீஆவின் கோத்திரத்தார் வியந்தபோது, இவர் யார் என்று தெரியுமா, இவருடைய கோபத்தால் நபியவர்கள் கோபிப்பார்கள் என்று ரபீஆ அவர்களை அடக்கிவிட்டுத் தனியே பின்தொடர்ந்தார். திருப்பிச் சொல்லாதே, அபூபக்ரே அல்லாஹ் உம்மை மன்னிப்பானாக என்று சொல் என நபி (ஸல்) அவர்கள் தீர்த்துவைத்தார்கள். அபூபக்ர் (ரலி) அழுதுகொண்டே திரும்பினார்கள். சமுதாயத்தின் மிக உயர்ந்த ஈமான் உடையவர், ஒரு வார்த்தைக்காக ஓர் இளைஞரிடம் தம்மைத் திருப்பி ஏசுமாறு கெஞ்சியிருக்கிறார். ஈமானும் ஏச்சும் ஒரே நெஞ்சில் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே விடை. ஈமான் அந்த மனிதரை அமைதியாக உட்கார விடவில்லை.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் இந்தப் பிரச்சினை அரசாங்கத்தின் முன் வந்தது. ஹுதைஆ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட கவிஞன் வசை பாடுவதில் நிகரற்றவன். பெற்ற தாயையும் பாடினான். யாரும் கிடைக்காத நாளில் தன் முகத்தையே வசைபாடினான் என்பார்கள். பனூ தமீம் கோத்திரத் தலைவர்களுள் ஒருவரான ஸிப்ரிகான் பின் பத்ரை, உண்ணவும் உடுக்கவும் கிடைத்தால் போதும் என்று உட்கார்ந்திருப்பவர் என்ற பொருளில் அவன் பாடிவிட்டான். ஸிப்ரிகான் கலீஃபாவிடம் முறையிட்டார். இதில் வசை எதையும் காணவில்லையே, குறைகூறல் போலல்லவா இருக்கிறது என்றார்கள் உமர் (ரலி). கவிதை அறிந்த ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அழைக்கப்பட்டார். இது வசையைவிடவும் மோசமானது என்று அவர் தீர்ப்பளிக்க, ஹுதைஆ சிறையில் அடைக்கப்பட்டான். சொல் கண்ணியமாகவும் கருத்து இழிவாகவும் இருந்தால் அது ஏச்சுதான் என்று முடிவாயிற்று. கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லையே என்று குத்திப் பேசிவிட்டு நழுவுவோர் இந்த வழக்கை நினைவில் கொள்ளலாம்.

பின்னர் ஹுதைஆ தன் சிறு பிள்ளைகளின் பரிதாப நிலையை எழுதி அனுப்ப, உமர் (ரலி) மனம் கசிந்து அவனை விடுவித்தார்கள். 3000 திர்ஹம் கொடுத்து முஸ்லிம்களின் மானத்தை அவனிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உமரின் காலம் முடிந்ததும் அவன் பழையபடி பாடத் தொடங்கினான் என்பதும் அதே நூல்களில் இருக்கிறது. சிறையாலும் பணத்தாலும் நாவைக் கட்டலாம், ஆனால் அந்தக் கட்டு எவ்வளவு நாள் நிற்கும் என்பது வேறு செய்தி.

இனிச் சொல்லப்போவது இந்த வரலாற்றின் கசப்பான பக்கம். ஸஹாபாக்களுக்கிடையே ஏற்பட்ட பிணக்குகளில் நாவை அடக்குவதே அஹ்லுஸ் ஸுன்னாவின் வழி. அதை மீறும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் பனூ உமைய்யா ஆட்சிக் காலத்தில் அலீ (ரலி) அவர்களை மிம்பர்களில் ஏசும் வழக்கம் இருந்ததை ஸுன்னத் ஜமாஅத்தின் அறிஞர்களே பதிவு செய்திருக்கிறார்கள். முஸ்லிம் நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. மர்வான் குடும்பத்தைச் சேர்ந்த மதீனாவின் ஆளுநர் ஒருவர், ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்களை அழைத்து அலீயை ஏசுமாறு பணித்தார். ஸஹ்ல் (ரலி) மறுத்தார்கள். சரி, அபூ துராபை அல்லாஹ் சபிக்கட்டும் என்றாவது சொல் என்றார் ஆளுநர். ‘மண்ணின் தந்தை’ என்ற பொருள்படும் அந்தப் பெயரை ஓர் இழிபெயராகவே அவர் எண்ணியிருந்தார். அலீ (ரலி) அவர்களுக்கு அதைவிடப் பிரியமான பெயர் வேறொன்றும் இருந்ததில்லை என்று ஸஹ்ல் (ரலி) விளக்கினார்கள். பள்ளிவாசலில் மேலாடை நழுவி உடலில் மண் ஒட்டிய நிலையில் உறங்கிக்கொண்டிருந்த அலீ (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மண்ணைத் தட்டிவிட்டு அன்போடு எழுப்பியபோது சூட்டிய பெயர் அது. நேசத்தின் பெயரை ஏச்சாக மாற்றிய அரசியலை, அந்தப் பெயரின் கதையைச் சொல்லியே ஒரு முதியவர் முறியடித்தார்.

ஏச்சு குத்பாவில் ஏறிவிட்டால் அது பாவமாகவே தெரியாது. தொழுகைக்கு வந்த சிறுவர்கள் அதை மார்க்கத்தின் ஒரு பகுதியாகவே கேட்டு வளர்வார்கள். அப்படி வளர்ந்த சிறுவர்களுள் ஒருவர் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்). மதீனாவில் கல்வி பயின்றபோது அவரும் அலீ (ரலி) அவர்களைக் குறைத்துப் பேசியிருக்கிறார். செய்தி அவருடைய ஆசிரியர் உபைதுல்லாஹ் பின் அப்துல்லாஹ் (ரஹ்) அவர்களை எட்டியது. மதீனாவின் ஏழு ஃபகீஹுகளில் ஒருவர் அவர். நாம் தொடக்கத்தில் கண்ட இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் சகோதரருடைய பேரர். மாணவர் வந்தபோது தொழுகையை நீட்டித்துக் காத்திருக்க வைத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். பத்ருப் போராளிகளைப் பொருந்திக்கொண்ட அல்லாஹ், அதன்பின் அவர்கள்மீது கோபம் கொண்டான் என்பது உமக்கு எப்போது தெரியவந்தது? மாணவர் அல்லாஹ்விடமும் ஆசிரியரிடமும் மன்னிப்புக் கேட்டார். ஓர் உஸ்தாத் என்ற முறையில் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நின்றுவிடுகிறேன். அந்த ஆசிரியர் பிரம்பை எடுக்கவில்லை, ஏசவும் இல்லை. ஏசாதே என்று சொல்வதற்காக ஏசுகின்ற ஆசிரியர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஹிஜ்ரி 99-இல், கி.பி. 717-இல், அந்த மாணவர் கலீஃபா ஆனார். குத்பாவில் ஏசும் வழக்கத்தை நிறுத்துமாறு ஆளுநர்களுக்கு எழுதினார். அந்த இடத்தை அவர் வெறுமையாக விடவில்லை. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 90-ஆம் வசனத்தை அங்கே ஓதச் செய்தார். நீதியையும் நன்மை புரிவதையும் உறவினருக்குக் கொடுப்பதையும் ஏவி, மானக்கேடானவற்றையும் வெறுக்கத்தக்கவற்றையும் வரம்பு மீறுதலையும் தடுக்கும் வசனம் அது. அதில் மானக்கேட்டைக் குறிக்கும் ‘ஃபஹ்ஷாஉ’ என்ற சொல்லும், நபிமொழிகளில் ஆபாசப் பேச்சைக் குறிக்கும் ‘ஃபுஹ்ஷ்’ என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. கலீஃபாவின் ஆட்சி ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளே நீடித்தது. வசனம் நிலைத்துவிட்டது. தம் காலம்வரை அது ஓதப்பட்டு வருவதாக இமாம் ஸுயூத்தீ (ரஹ்) எழுதினார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் இன்றைக்கும் ஜுமுஆக் குத்பாவின் இறுதியில் நாம் கேட்பது அந்த வசனத்தைத்தான்.

நம் காலத்தில் ஏச்சுக்குப் புதிய மிம்பர்கள் கிடைத்திருக்கின்றன. ஒரு மஸ்அலாவில் கருத்து வேறுபட்ட ஆலிமை, அவருடைய பிறப்பு முதல் தாடி வரை இழித்துப் பேசும் காணொளிகளை வாட்ஸ்அப்பில் மார்க்கச் சேவை என்ற பெயரில் பரப்புகிறோம். கோபத்தில் தெருவில் ஏசுபவன் பிறகு வெட்கப்படவாவது செய்கிறான். சத்தியத்துக்காக ஏசுகிறேன் என்பவனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஆகவே இவ்விருவரில் பின்னவனைக் குறித்தே நான் அதிகம் அஞ்சுகிறேன். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) இஹ்யாவில் நாவின் ஆபத்துகளுக்கென்று தனி நூலே ஒதுக்கியவர். இப்லீஸைச் சபிக்காமல் வாய்மூடி இருப்பதில்கூட ஆபத்து எதுவும் இல்லை, மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார்.

வெள்ளிதோறும் குத்பாவின் முடிவில் அந்த வசனம் தொடங்கும்போது நம் பிள்ளைகள் எழத் தயாராகிறார்கள், தொழுகை நெருங்கிவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம் என்ற அளவில்தான் அவர்களுக்கு அதைத் தெரியும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் என்ன சொல்லப்பட்டது, யார் அதை மாற்றினார், அவரை மாற்றிய ஆசிரியர் யார் என்பதைப் பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு நடக்கும் நேரத்திற்குள் சொல்லி முடித்துவிடலாம்.